இன்டர்வெல் விட்டாச்சு

எங்கள் ஊரில் இன்டர்வெல் என்று சொன்னாலே பாதிப் பேருக்குப் பசித்துவிடும். பள்ளிக்கூடத்தில் இன்டர்வெல் மணி அடித்தால் கடலை மிட்டாய், சேலத்துக்கு இறங்கிப் படம் பார்க்கப் போனால் இன்டர்வெல்லில் சமோசா. அதனால் என் ஜிம்முக்கு வரும் பெண்களிடம் இனிமேல் இன்டர்வெல் ட்ரெயினிங் செய்யப் போகிறோம் என்று நான் முதன்முதலில் சொன்னபோது, காய்கறிக்கடை பார்வதி, "திங்கறதுக்கு என்னங்க டீச்சர் தருவீங்க?" என்று கேட்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் சொல்ல வந்தது முழுக்க அந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான். நீங்கள் எழுதிக்கொள்ளும்போது அதைத் தப்பில்லாமல் எழுதிக்கொள்ள வேண்டும். நீங்கள் என்னைக் கூப்பிட்டு அனுப்பவில்லை, நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். காயத்ரி இறந்த விஷயமாகப் பேச வேண்டும் என்றதும் வாசலில் இருந்த ஏட்டம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவருக்கு ஏழாம் வகுப்பில் கோகோ சொல்லிக்கொடுத்தவள் நான்தான். இந்த ஊரில் ஓடத் தெரிந்த பெண்களில் பாதிப் பேருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

என் பெயர் பிரிஸ்கில்லா. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து, வேலையை விட்ட பிறகு ஒண்டிக்கடை முக்கில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மாடியில் பெண்களுக்கு மட்டும் என்று ஜிம் வைத்தேன். பார்வதி வந்தாள், ஹாஸ்டல் வார்டன் இன்பமேரி வந்தாள், கோயில் பாடகர் குழுப் பெண்கள் வந்தார்கள். டிரெட்மில்லில் ஏறி நின்றுகொண்டு யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்று பேசுவார்கள். மெஷின் ஓடும், வாய் ஓடும், எடை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். கொழுப்பு குறையவில்லை என்று என்மேல் குறை வேறு.

அதற்குத்தான் இன்டர்வெல் முறையைச் சேர்த்தேன். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கும் வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். பிறகு மூச்சு அடங்கும்வரை மெதுவாக நடக்க வேண்டும். திரும்ப ஓட வேண்டும். தினமும் செய்யக் கூடாது, வாரத்தில் இரண்டு நாள் போதும். உடம்பைச் சூடாக்காமல் ஆரம்பிக்கக் கூடாது. ஒரே சீராக ஆடி அசைந்து நடப்பதைவிட இதில் நேரம் மிச்சம், ஊர்க்கதை பேசவும் வழியில்லை.

அந்தப் பெண்கள் அதற்குத் தங்கள் பாஷையில் பெயர் வைத்தார்கள். ஓடுவதற்குப் பெயர் படம். நடப்பதற்குப் பெயர் இன்டர்வெல். நான் "படம்" என்றால் ஓடுவார்கள், "இன்டர்வெல் விட்டாச்சு" என்றால் அப்பாடா என்று நடைக்கு வந்துவிடுவார்கள். வெளியூரில் பயிற்சி எடுத்தவர்கள் ஓடுகிற பகுதியைத்தான் இன்டர்வெல் என்பார்கள், இளைப்பாறுவதை ரெக்கவரி என்பார்கள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் முதல் தடவையாக அந்தப் பெண்கள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். சிரிக்கிறவர்களை நிறுத்திவைத்து இங்கிலீஷ் பாடம் நடத்துகிற ஆள் நான் இல்லை. அப்படியே பழகிவிட்டது. ஊர் முழுக்கத் தெரியும், டீச்சரம்மா இன்டர்வெல் என்று கத்தினால் ஓய்வு.

காயத்ரி அப்போதுதான் வந்தாள். சந்தோஷ் பேக்கரி வைத்திருக்கிறாரே, அவருடைய மனைவி. ஆத்தூர்ப் பக்கம் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு உடம்பு பெருத்துவிட்டது, சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் பயமுறுத்திவிட்டார். சந்தோஷ் நல்ல மனிதர்தான், ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம் அவளைக் காட்டி "எங்கூட்டு மைதா மூட்டை" என்று வேடிக்கையாகச் சொல்லுவார். வேடிக்கை சொல்கிறவருக்கு மறந்துவிடும். அவள் என் ஜிம் கதவுக்குப் பாதி வெளியே, பாதி உள்ளே நின்றுகொண்டு, "ஏனுங்க டீச்சரக்கா, என்னையாட்டம் ஆளுங்களும் வரலாமுங்களா?" என்று கேட்டாள்.

"உன்னையாட்டம் ஆளுக்குத்தான் கண்ணு, இந்த ஜிம்மே வெச்சிருக்கேன்" என்றேன்.

டீச்சரக்கா என்று என்னை வேறு யாரும் கூப்பிட்டதில்லை. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. இதை இரக்கத்துக்காகச் சொல்லவில்லை.

கண்ணாடி முன்னால் நிற்கக் கூச்சப்பட்டாள் என்பதால் அவளை மட்டும் தனியாக வெள்ளக்கடை ரோட்டுக்கு அழைத்துப் போனேன். எஸ்டேட் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேடு இருக்கிறது. ஒரு கரண்ட் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை படம், அதற்கடுத்த கம்பம் வரை இன்டர்வெல். ஆரம்பத்தில் அவள் ஓடியதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஜீப்பில் மஞ்சக்குட்டைக்குப் போகிறவர்கள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் ரோட்டுப் பக்கமாக நின்று அவளை மறைத்துக்கொள்வேன். மழைக்காலம் ஒன்று போனது, பனிக்காலம் ஒன்று போனது. உடம்பு கரைந்தது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு நேராக என் வீட்டுக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "இந்த ஒடம்பு நீங்க குடுத்ததுங்க டீச்சரக்கா" என்றாள். நான் கேட்டு வாங்கிய வார்த்தை இல்லை. அவளாகச் சொன்னது.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். இளைத்தவளைப் பார்த்து எல்லோரும் எப்படி எப்படி என்று கேட்டார்கள். அவள் செல்போனில் வீடியோ போட ஆரம்பித்தாள். ஆன்லைனில் ஏதோ கோர்ஸ் படித்து சர்டிஃபிகேட் வாங்கினாள். கடைசியில் பேக்கரிக்கு மேல் மாடியில், சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்து, ஃபிட்னஸ் ஸ்டுடியோ என்று ஒன்றைத் திறந்தாள். கண்ணாடியைப் பார்த்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்தவள்.

நீங்களும் சேர்ந்து நடத்துங்கள் என்று என்னைக் கேட்டாளா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டாள். இரண்டு மூன்று தடவை வீட்டுக்கு வந்து கேட்டாள். அதெல்லாம் மரியாதைக்குக் கேட்பது. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும்.

திறப்பு விழாவுக்குப் போனேன். என்னை முன்வரிசையில் உட்காரவைத்து, சால்வை போட்டாள். மைக்கைப் பிடித்து, "நம்மூர்ல மொதல்ல ஜிம் வெச்சது பிரிஸ்கில்லா மேடமுங்க" என்றாள். மேடம். டீச்சரக்கா அன்றைக்கு மேடமாகிவிட்டேன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் இன்டர்வெல் பயிற்சியை விளக்க ஆரம்பித்தாள். "நம்மூர்ல இன்டர்வெல்னா ரெஸ்ட்டுன்னு நெனச்சிக்கிட்டு இருக்கறோமுங்க. அது தப்புங்க. இன்டர்வெல்னாத்தான் ஓடோணும். ரெக்கவரின்னாத்தான் ரெஸ்ட்டு. நானும் இத்தன நாள் தப்பாத்தான் பண்ணிட்டிருந்தேன், பாருங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பார்வதி என் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அந்தத் தப்பில்தானே அவள் இளைத்தாள்.

அடுத்த மாதம் என் ஜிம்மில் டிரெட்மில் மேல் தூசி படிந்தது. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று இன்பமேரி சொன்னாள். சொல்லிவிட்டு அவளும் அந்த மாடிக்குத்தான் போனாள். அப்படியும் நான் யாரையும் வையவில்லை, யாரிடமும் போய்ப் புலம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவேன், வருவேன். மனசு நொந்துதான் இருந்தது. அவள் வீடியோவை மட்டும் ஒன்று விடாமல் பார்ப்பேன். ஒன்றிலாவது என் பெயர் வருமா என்று பார்ப்பேன்.

இந்த வருஷம் கோடையில் ஓட்டல்காரர்கள் சேர்ந்து மலை ஓட்டம் ஒன்று வைப்பதாக அறிவித்தார்கள். காயத்ரி பெயர் கொடுத்திருந்தாள், ஸ்டுடியோவுக்கு நல்ல விளம்பரம். ஆனால் ஓட்டத்துக்கு முன்னால் காய்ச்சலில் படுத்துவிட்டாள். நல்ல காய்ச்சல், சேலத்தில் அட்மிட் செய்து டிரிப்ஸ் ஏற்றி அழைத்து வந்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். காய்ச்சல் விட்ட கையோடு ஓடக் கூடாது. நான் பயிற்சி எடுத்த காலத்தில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடங்களில் அது ஒன்று. சில காய்ச்சல் தோலை விட்டுப் போன பிறகும் இதயத்தில் தங்கியிருக்கும். அப்போது வேகமாக ஓடினால் நல்ல ஓட்டக்காரன்கூட அந்த இடத்திலேயே சுருண்டு விழுவான். ஸ்கூலில் காய்ச்சல் வந்த பிள்ளையை மாதக்கணக்கில் மைதானத்துக்குள் விடமாட்டேன். பெற்றவர்கள் வந்து சண்டை போட்டாலும் விடமாட்டேன். அவ்வளவு கண்டிப்பு.

காயத்ரி ஒரு நாள் சாயங்காலம் பிளம் கேக்கோடு என் வீட்டுக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. படியேறி வந்ததற்கே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சரக்கா, அந்த ஓட்டத்துக்கு நீங்கதான் என்னைத் தயார் பண்ணோணும்" என்றாள். "எனக்குச் சொல்லிக்குடுக்க அங்க ஆரு இருக்கறாங்க? படி ஏறுனாவே நெஞ்சு படபடங்குது. காச்சல் அசதிதானுங்களே?"

"அசதிதான் கண்ணு" என்றேன். "ஓடுனா செரியாப் போயிரும்."

"அவரு டாக்டரக் கேட்டுட்டுப் போன்னாருங்க. டீச்சரக்காவுக்குத் தெரியாததா டாக்டருக்குத் தெரியப்போவுதுன்னு சொல்லிட்டு வந்தேன்."

கேக்கை வெட்டி அவளுக்கும் ஒரு துண்டு கொடுத்தேன். ரொம்ப நன்றாக இருந்தது. சந்தோஷின் கைப்பக்குவம் அப்படி.

மறுநாள் காலையில் வெள்ளக்கடை ரோட்டில் மூடுபனி. பழைய மேடுதான், பழைய கம்பங்கள்தான். மேட்டுக்கு நடுவில் ஒரு சின்னப் பாலம் உண்டு, அதன் கைப்பிடிச் சுவரில் நான் உட்கார்ந்துகொண்டேன். கீழே டீக்கடை. பனி கலையட்டும் என்று இன்பமேரி ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தாள். பனிக்குள் நாங்கள் அவள் கண்ணுக்குத் தெரியமாட்டோம். ஆனால் குரல் கேட்கும், பனியில் குரல் நன்றாகவே கேட்கும்.

அவள் கேட்டதைத்தான் பிறகு உங்களிடமும் சொல்லியிருக்கிறாள். அந்த வாக்குமூலம் உங்களிடம் இருக்கும். "டீச்சர் தொண்ட கிழியக் கத்துனாங்க சார். இன்டர்வெல் கண்ணு, இன்டர்வெல், இன்டர்வெல்னு கெஞ்சுனாங்க. ரெஸ்ட் எடுக்கச் சொல்லி அத்தன தடவ கத்தியும் அந்தப் புள்ள கேக்காம ஓடிட்டே இருந்த காலடிச் சத்தம் கேட்டுச்சு." டீக்கடைக்காரரும் அதையேதான் சொன்னார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. காதில் விழுந்ததைச் சொன்னார்கள்.

அவள் மேட்டுக்கு மேலே கடைசிக் கம்பத்துக்கு முன்னால் விழுந்தாள். நான் ஓடிப்போய் நெஞ்சை அழுத்தினேன், வாயில் மூச்சு ஊதினேன். எல்லாம் முறைப்படி செய்தேன். அதற்குள் அவள் போய்விட்டாள். காய்ச்சல் இதயத்தைத் தாக்கியிருந்தது, ஓடியது தாங்கவில்லை என்று டாக்டர் சொன்னார். உங்களுக்கும் அதற்குமேல் விசாரிக்க ஒன்றும் இல்லை.

அடக்கம் முடிந்து வந்த சந்தோஷ் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீங்க சொன்னத அவ கேட்டிருந்தா எம்புள்ளைங்களுக்கு அம்மா இருந்திருப்பாளுங்க" என்றார். ஊரே என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. விட்டுப் போன மாணவிக்காக அவ்வளவு கத்தியிருக்கிறாளே என்று, போனவர்களெல்லாம் திரும்பி வந்தார்கள். பார்வதி வந்தாள். இன்பமேரி வந்தாள். டிரெட்மில்லைத் துடைத்தேன். நான் இன்டர்வெல் என்றால் மறுபடியும் எல்லோரும் நடந்தார்கள்.

இப்படியே போயிருக்கும். நான் வந்திருக்கவே மாட்டேன். போன வாரம் சந்தோஷ் ஒரு போர்டை எடுத்துக்கொண்டு வந்தார். ஸ்டுடியோவைத் திரும்பத் திறக்கிறாராம், நான்தான் நடத்த வேண்டுமாம், அவள் ஆத்மா சாந்தியடையுமாம். போர்டில் அவள் படம் பெரிதாக இருந்தது. அதற்குக் கீழே, மலையூருக்கு இன்டர்வெல் பயிற்சியைக் கொண்டுவந்தவர் என்று எழுதியிருந்தது. என் பெயரை அடியில், பயிற்சியாளர் என்று போட்டிருந்தார்.

அவரோடு நான் சண்டைக்குப் போக முடியாது. மனைவியைப் பறிகொடுத்தவர். ஆனால் அந்தப் போர்டு ஒண்டிக்கடையில் ஏறக் கூடாது. அந்த முறையை இந்த ஊருக்குக் கொண்டுவந்தது யார், அது யாருக்கு முழுசாகத் தெரியும் என்பது எங்கேயாவது பதிவாக வேண்டும். அதனால் வந்தேன். நீங்கள் இப்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை, மெதுவாகச் சொல்கிறேன்.

அன்றைக்குக் காலையில் ஷூ கயிறு கட்டும்போது அவள் சொன்னாள், "டீச்சரக்கா, பழைய பழக்கத்துல சொல்லிடாதீங்க. நீங்க இன்டர்வெல்னா நான் ஓடுவேன். ரெக்கவரின்னாத்தான் நடப்பேன். எனக்கு இப்ப அப்படித்தான் பழகிப்போச்சு." சரி கண்ணு என்றேன். ஞாபகம் வைத்துக்கொண்டேன். பனிக்குள் டீக்கடையில் இன்பமேரியின் பேச்சுக்குரல் கேட்டது. அந்த மாடிக்குப் போன பிறகும் இன்பமேரியின் வாய்க்கு வந்தது பழைய பாஷைதான். டீக்கடைக்காரரும் பழைய பாஷைக்காரர். அங்கே புதுப் பாஷை பேசியவள் ஒருத்திதான்.

ரெக்கவரி என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவள் தானாக வேகம் குறைந்தபோதெல்லாம் இன்டர்வெல் என்றேன். குனிந்து முழங்காலைப் பிடித்தபோது இன்டர்வெல் என்றேன். குரலில் கெஞ்சல் இருந்தது உண்மைதான். கெஞ்சினால்தான் ஓடுவாள். ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான்.

கடைசியில் அவள் நான் இருந்த பாலத்தை ஒட்டிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பனியில் முகம் தெரியவில்லை என்று உங்களிடம் முன்பு சொல்லியிருந்தேன். தெரிந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. மெதுவாகத்தான் கேட்டாள், கீழே இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. "டீச்சரக்கா, போதுமுங்களா?" மேடம் இல்லை, டீச்சரக்கா. போதும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் கொடுத்து, ஜீப்பை நிறுத்தி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது, எனக்குத் தெரியும்.

"இன்டர்வெல், கண்ணு" என்றேன்.

என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். கம்பத்திலிருந்து கையை எடுத்துவிட்டு ஓடினாள்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதில் எனக்குக் குழப்பம் இல்லை. நெஞ்சு அடைத்து, கண் இருட்டிக்கொண்டு வந்தபோதும் நான் சொன்ன ஒரு சொல்லுக்காக அவள் ஓடினாள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தவள் என்னை விட்டுவிட்டு எதற்காகப் போனாள் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.